நேற்றுப் பூத்த பருத்திப்பூ

கலைக்கும் வடிவமைப்புக்கும் என்ன உறவு என்று முடிவு செய்வதற்காகக் கூட்டப்பட்ட கூட்டங்களில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. எங்கள் கல்லூரியில் அவ்விரு துறைகளுக்கும் நடுவே ஒரு தாழ்வாரம் இருந்தது. பாடத்திட்டத்தை ஒன்றாக்கலாமா என்று ஆண்டுதோறும் விவாதித்து, தேநீர் அருந்தி, தாழ்வாரத்தின் அவரவர் பக்கத்துக்குத் திரும்பிச் செல்வோம். தலைமை தாங்கிய நானும் எதையும் தீர்மானமாகச் சொன்னதில்லை. இரு தரப்பு வாதங்களையும் நான் ஒன்பது வயதிலேயே, பெரம்பலூரிலிருந்து அரியலூர் திரும்பும் பஸ்ஸில் கேட்டு முடித்திருந்தேன். வாதிட்டவர்களில் அப்பா மறைந்து வெகுகாலம் ஆகிறது. அக்கா போன மாதம் நாக்பூரில் இறந்தாள். கேட்டவன் மட்டும் மிஞ்சியிருக்கிறேன்.

அப்பா அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் டிராஃப்ட்ஸ்மேன். நடுக்கோடு போடாமல் எதையும் வரையத் தொடங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அக்கா எந்தக் கோடும் போடாமலே தொடங்குவாள். அம்மா இல்லாத வீடு அது. எனக்குச் சோறு போட்டதும் தலை வாரிவிட்டதும் அக்காதான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவள் அரசு ஓவியத் தேர்வுக்குப் பணம் கட்டினாள். காலையில், எதிரே வைத்த பொருளைப் பார்த்து வரைய வேண்டும்; பிற்பகலில், துணிக்கு டிசைன் போட வேண்டும். இரண்டிலும் தேறினால் சென்னையில் ஓவிய ஆசிரியர் பயிற்சி. அதே சமயத்தில் அத்தை, நாக்பூர் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளையைப் பற்றிப் பேச வந்திருந்தார். அப்பா தன் தங்கையிடம் சொன்னார்: "பாஸ் பண்ணுனா படிக்கட்டும். இல்லன்னா நீ சொல்ற எடத்தயே முடிச்சிரலாம்." நானும் அங்கேதான் இருந்தேன். ஆனால் என் மனத்தில் தங்கியது முதல் பாதி மட்டும்: பாஸானால் அக்கா சென்னைக்குப் போய்விடுவாள்.

தேர்வு பெரம்பலூரில் ஒரு பள்ளியில் நடந்தது. காலைத் தாளுக்கு ஒரு வாளியும் இரண்டு கத்தரிக்காயும் வைத்திருந்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். பிற்பகல் தாளில், ஏதாவது ஒரு பூவைக் கொண்டு சேலைக்குக் கரை போடச் சொல்லியிருந்தார்கள். அவள் இடம் சன்னலோரம். வெளியே நின்று நானும் அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எடுத்துக்கொண்டது பருத்திப்பூ. சம இடைவெளியில், ஒரே அளவில், மஞ்சள் பூக்கள் வரிசையாக வந்தன. அப்பா திருப்தியாகத் தலையசைத்தார். அப்போதுதான் அக்கா தூரிகையைக் கழுவி, சிவப்பைத் தொட்டாள்.

மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியர் குனிந்து பார்த்தார். "ஏம்மா, இது மட்டும் ஏன் செவப்பு?"

"அது நேத்துப் பூத்ததுங்க சார்."

பருத்திப்பூ முதல் நாள் மஞ்சளாக இருந்து மறுநாள் சிவந்துவிடும். எங்கள் பக்கத்தில் அதை அறியாதவர் கிடையாது. ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும், சிரித்துவிட்டார். "டிசைன்ல நேத்து, இன்னிக்கெல்லாம் கெடையாதும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அக்கா அந்தப் பூவை மாற்றவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பாதி தூரம் போனதும் அப்பா ஆரம்பித்தார்.

"ஒத்தப் பூவுக்காவ தறியில நூல் மாத்துவாங்களா? ஜெயங்கொண்டத்துல எந்தத் தறிக்காரன வேணா கேட்டுப் பாரு."

"செடி மாத்துதேப்பா."

"செடிக்குக் கூலி குடுக்க வேணாம்டி."

அருகில் நின்ற கண்டக்டர்கூடச் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாப் பூவும் ஒரே நாள்ல பூத்த பருத்திக் காட்ட எங்கயாச்சும் பாத்திருக்கீங்களாப்பா?" என்று கேட்டாள். அப்பா டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரு தரப்பையும் இதைவிடச் சுருக்கமாக எந்தக் கூட்டத்திலும் எவரும் பேசி நான் கேட்டதில்லை.

முடிவு வந்தது. வாளியிலும் கத்தரிக்காயிலும் முதல் வகுப்பு. சேலைக் கரையில் தோல்வி.

"அடுத்த வருசம் இன்னொரு தடவ எழுதட்டுமே" என்றார் அப்பா, சற்றே தணிந்த குரலில்.

"அதுவரைக்கும் மாப்பிள்ளைய என்ன ஊறுகாயா போட்டு வெக்க முடியும்?" என்றார் அத்தை. "நீதான சொன்ன அண்ணே?"

சொன்ன சொல்லை மாற்றுவது அப்பாவின் வழக்கமில்லை. அக்கா கொல்லைப்புறம் போய், ஏற்கெனவே துலக்கி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி துலக்கத் தொடங்கினாள்.

எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்கா பெயிலாகிவிட்டாள் என்று ஆலைக் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கெல்லாம் ஓடி ஓடிச் சொல்லிவிட்டு வந்து, அவள் முதுகைக் கட்டிக்கொண்டேன்.

"அவ்ளோ சந்தோசமாடா?" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

"நீ இனிமே எங்கயும் போவ மாட்டல்ல?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குத் தலை வாரிவிட்டாள். நான் அத்தனை நிம்மதியாக அதற்குப் பிறகு எங்கும் உட்கார்ந்ததில்லை. சென்னைக்குப் படிக்கப் போகிறவர்கள் படிப்பு முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.