பிலோமின்ராஜ் வாத்தியாரின் வலது கால்

எட்டாம் வகுப்புக்கு மனித உடல் பாடம் நடத்த பிலோமின்ராஜ் வாத்தியாரை விட்டால் காரைக்காலில் ஆளில்லை என்று பேர். கரும்பலகையில் ஒரே மூச்சில் ஓர் ஆள் உருவத்தை வரைவார். சிவப்புச் சாக்பீசால் தமனி, நீலத்தால் சிரை, மஞ்சளால் நரம்பு. கடைசியாகப் பச்சையை எடுப்பார். புத்தகத்தில் அரைப் பத்தியோடு முடிந்துபோகிற நிணநீர் மண்டலத்துக்கு அவர் ஒரு முழு பீரியடு ஒதுக்குவார்.

“வயலுக்குப் பாசன வாய்க்கால் மட்டும் இருந்தாப் போதுமாடா?”

“போதாது சார். வடிகால் வேணும்.”

“வடிகால் தூந்து போச்சுன்னா?”

“தண்ணி நின்னு நாத்து அழுகிடும் சார்.”

“அதேதான். ரத்தக் குழாயிலேருந்து கசியிற நீரை வாரிக்கிட்டுப் போய்த் திரும்ப ரத்தத்துலயே சேக்குற வடிகாலு இது. கொசு கொண்டாந்து விடுற நூல் மாதிரிப் புழு உள்ள போயி அடைச்சுக்கிச்சுன்னா கால் வீங்கும். யானைக்கால். தொட்டா ஒட்டாது. அப்பனுக்கு இருந்தா புள்ளைக்கும் வரும்கிறது?”

“பொய் சார்!” என்று வகுப்பே கத்தும்.

இவ்வளவும் தெரிந்த மனிதருக்குத் தன் வலது காலை ஊருக்குக் காட்டத்தான் துணிவில்லை.

எண்பத்தொன்றாம் வருஷம் ஒரு குளிர்க் காய்ச்சல் வந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. காய்ச்சல் போனது, கணுக்கால் வீக்கம் மட்டும் போகவில்லை. அதுவரை வேட்டியோடு கோவில்பத்திலிருந்து சைக்கிள் மிதித்தவர் பேண்டுக்கும் பூட்சுக்கும் மாறினார். “என்ன வாத்தியாரே, பாண்டிச்சேரியில எதுவும் பொண்ணு பாத்திருக்கீங்களா?” என்று கணக்கு வாத்தியார் ஜெய்னுலாபுதீன் கேலி செய்தபோது, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது பிலோமின்ராஜ்தான். மாத்திரையைக்கூட உள்ளூரில் வாங்கவில்லை. பஸ் ஏறி நாகப்பட்டினம் போய் வாங்கிவந்தார். விஷயம் மனைவி சலோமிக்கு மட்டும் தெரியும். மகள் அற்புதத்துக்குத் தெரியாது.

மறைத்ததோடு விட்டிருக்கலாம். மறுவருஷம் தேவாலயத்துப் பங்குப் பேரவைக் கூட்டத்தில், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் பாதம் கழுவுகிற பன்னிரண்டு பேருக்கு ஆள் எடுத்தார்கள். கோயில்பிள்ளை செல்வநாதனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் அப்போதிருந்த சாமியார். பலிபீடத்தைத் துடைத்து, மெழுகுதிரி ஏற்றி, மணியடித்துக் காலம் கழித்தவர் செல்வநாதன். அவருடைய வலது கால் முழங்கால்வரை பருத்துத் தோல் தடித்துப் போயிருந்தது. யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் பிலோமின்ராஜ் எழுந்தார்.

“பீடத்துக்கு முன்னால எல்லாரும் பாக்குற எடம் சாமி. அந்தக் கால நீட்டுனா ஜனங்க முகஞ்சுளிக்கும்.”

ஏன் சொன்னார்? அப்படிச் சொல்கிறவனுடைய காலை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்றுதான். தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற செல்வநாதன் அதைக் கேட்டார். தட்டை உள்ளே கொண்டுவந்து முதல் குவளையை வாத்தியாரிடமே நீட்டினார்.

எண்பத்துநாலில் அற்புதத்துக்குத் திருமலைராயன்பட்டினத்து வரன் அமைந்தது. பையன் மைக்கேல்ராஜ் நல்ல வேலையில் இருந்தான். அவன் அம்மா சகாயம்மாள் மட்டும் கண்டிப்பான மனுஷி. முன்பு பார்த்த ஒரு பெண்ணை, அவளுடைய மாமனுக்குக் கால் வீக்கம் என்று கேள்விப்பட்டே தட்டிக்கழித்தவர். இந்த இடம் எல்லாம் பேசி முடிந்து, ஈஸ்டர் கழித்து வரும் ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பான முதல் ஓலை வாசிப்பதாக ஏற்பாடு. அதற்குள், பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறு பூசையில், புதிதாக வந்த சாமியார் பன்னிரண்டு பேர் பெயரையும் வாசித்தார். ஏழாவது பெயர் பிலோமின்ராஜ்.

“முடியாதுன்னு சொல்லிடட்டுமா?” என்று வீட்டில் கேட்டார்.

“சொன்னா ஏன்னு கேக்க மாட்டாங்களா?” என்றாள் சலோமி. “வியாழக்கெழம பூசைக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்களும் வர்றாங்க. எடது கால நீட்டுங்க. கால்ல வலதென்ன, எடதென்ன?”

வியாழன் மாலை. மற்றவர்கள் வெள்ளை வேட்டியில், அவர் வெள்ளைப் பேண்டில். தோளில் குறுக்காகச் சிவப்புப் பட்டை. பெண்கள் பக்கம் முதல் வரிசையில் அற்புதத்தை ஒட்டிச் சகாயம்மாள் உட்கார்ந்திருந்தார். சாமியார் செம்போடு ஒவ்வொருவராக வந்தார். கூடவே பித்தளைத் தாம்பாளத்தை ஏந்தி, பருத்த காலை இழுத்து இழுத்து, செல்வநாதன்.

பிலோமின்ராஜ் இடது பூட்சைக் கழற்றி நீட்டினார். சாமியார் குனிந்தபடியே முணுமுணுத்தார்: “வலது காலு, சார்.”

“சாமி… அது வந்து…”

செல்வநாதனின் பார்வை தாழ்ந்தது. வலது பூட்சின் கயிறு கடைசித் துளைவரை தளர்த்தியிருந்தது. அதற்கு மேலே காலுறை பிதுங்கியது. அந்த நோயோடு இருபது வருஷம் வாழ்ந்தவருக்குப் புரிந்துகொள்ள வேறொன்றும் தேவைப்படவில்லை. தாம்பாளத்தை இடது காலுக்கு அடியில் நகர்த்தினார்.

“சாருக்கு அந்தக் கால்ல அடிபட்டுருக்கு சாமி.”

தண்ணீர் விழுந்தது. சாமியார் துடைத்து, குனிந்து பாதத்தை முத்தமிட்டார். பிலோமின்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார். பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

பூசை முடிந்து முற்றத்தில் சகாயம்மாள் பிடித்துக்கொண்டார்.

“என்ன சம்பந்தி, ஊரே வலது கால நீட்டுனா நீங்க மட்டும் எடது கால நீட்டுறீங்க?”

“சைக்கிள்லேருந்து விழுந்துட்டேங்க.”

“எப்பப்பா?” என்றாள் அற்புதம். “எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“அது… நேத்து…”

“எங்க விழுந்தீங்க?” சகாயம்மாள் விடுவதாயில்லை. அவர் கண் பேண்டின் கால்மடிப்பை நோக்கி இறங்கியது.

தாம்பாளத்தோடு அந்தப் பக்கம் வந்த செல்வநாதன் நின்றார். “கோவில்பத்து திருப்பத்துலம்மா. நாந்தான் தூக்கிவிட்டேன். நல்ல அடி.”

“அடப் பாவமே! நான்கூட வேற என்னமோன்னு…” சகாயம்மாள் சொல்லி முடிக்காமல் செல்வநாதனின் காலைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றார். அற்புதத்தையும் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

தொட்டால் ஒட்டாது என்று வருஷத்துக்கு ஒரு வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்த வாய் பக்கத்திலேயே இருந்தது. அது திறக்கவில்லை.

செல்வநாதன் போய்விட்டார். கொஞ்சம் பொறுத்து, ஏதோ சாக்குச் சொல்லிக் கோயில் பின்பக்கம் போனார் பிலோமின்ராஜ். செல்வநாதன் தாம்பாளத்துத் தண்ணீரைக் குரோட்டன் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

“எப்புடிச் சொல்றதுன்னே தெரியல செல்வநாதன்…”

“எதுவும் சொல்ல வேணாம் சார். உங்களுக்காகச் சொல்லல. பொண்ணு நல்லாருக்கணும்.” தாம்பாளத்தைக் கவிழ்த்து உதறினார். “எப்பலேருந்து சார்?”

“எம்பத்தொண்ணுலேருந்து.”

“அப்ப அந்தக் கூட்டத்தன்னைக்கு?”

“இருந்துச்சு.”

செல்வநாதன் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தாம்பாளத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“எனக்கு அன்னைக்குக் கோவம் வரல சார். படிச்சவரு, காரணமில்லாமயா சொல்வாருன்னு வீட்டுலயும் சொன்னேன். அவதான் ரெண்டு நாள் சாப்புடல.”

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“சம்பந்தி! எங்கே போயிட்டீங்க? வண்டி வந்துடுச்சு!” முற்றத்திலிருந்து சகாயம்மாளின் குரல்.

பிலோமின்ராஜ் வேகமாகத் திரும்பி நடந்தார். சுவர் மறைவு முடியும் இடத்தில்தான் ஞாபகம் வந்தது. நின்றார். வலது காலைத் தரையில் முழுக்க ஊன்றாமல் நொண்டத் தொடங்கினார். வலி கிடையாது அந்தக் காலில், கனம் மட்டும்தான். எப்படி நொண்டுவது என்றே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

அற்புதம் ஓடிவந்து தோளைக் கொடுத்தாள். “ஊனாதீங்கப்பா. ரொம்ப வலிக்குதா?”

“ஆமாம்மா” என்றார்.

அவள் தோளில் பாரத்தைப் போட்டு, சம்பந்தி வீட்டார் எல்லாரும் பார்க்க, வண்டிவரை நொண்டினார்.