மாணிக்கம் என்று நான் சொன்ன கல்

வெடிமருந்தின் நெடி அடங்குவதற்குள், எரியோட்டுப் பக்கம் எங்கள் காட்டில் வெட்டிய கிணற்றிலிருந்து மேலேறி வந்து குவியும் பாறைத்துண்டுகளில், மாதுளை முத்துகளைப் போலச் சிவப்பு மணிகள் பங்குனி வெயிலில் மினுங்கும். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினொரு வயது. பாறைக்கு வெடி வைத்தவரின் மகள் தவமணி என் வகுப்புத்தோழி. "எல்லாம் மாணிக்கம்டி, ஒடச்சு எடு, ஆளுக்குப் பாதி" என்று அவளிடம் நான்தான் சொன்னேன். சொன்னபோது நானும் அப்படியே நம்பினேன்.

ஒரு மணியை எடுத்துப்போய் அறிவியல் டீச்சரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "மாணிக்கமில்லம்மா, இது கார்னெட். பூமிக்கு அடியில சூட்டுலயும் அமுக்கத்துலயும் பழைய பாறை உருமாறும்போது உண்டாகுறது. நம்ம பக்கத்துப் பாறையில நெறையக் கெடக்கு. இப்படி விரிசல் விழுந்தது நகைக்கு ஆகாது" என்றார்.

அன்று மாலையே அதைத் தவமணியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உடைப்பதை நிறுத்திவிடுவாள், எனக்கோ அந்தச் சிவப்பு இன்னும் வேண்டியிருந்தது; வாயை மூடிக்கொண்டு நான் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்க, அவள் வெயிலில் குந்தித் தன் அய்யாவின் சுத்தியலால் உடைத்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் ஒரு சில்லு தெறித்து அவளுடைய இடது கண்ணில் பாய்ந்தது. மதுரைவரை கொண்டுபோயும் பார்வை திரும்பவில்லை.

"யாரு புள்ள ஒடைக்கச் சொன்னது?" என்று என் அப்பா கேட்டார். கட்டுப்போட்ட கண்ணோடு, "நானாத்தான் ஒடச்சேனுங்க" என்றாள் தவமணி. பக்கத்தில்தான் நின்றேன்.

அவள் மறுபடி பள்ளிக்கு வரவில்லை. நான் படித்து, வேலைக்குப் போய், ஓய்வும் பெற்றபின், திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் பேத்தியோடு நின்ற தவமணியைப் பார்த்து, டீச்சர் சொன்னதையும் நான் மறைத்ததையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது மாணிக்கமில்லேன்னு எனக்கு மொதநாளே தெரியும்டி. எங்கய்யா வெடி வச்ச அம்புட்டுக் கெணத்துலயும் கெடந்த கல்லுதான? நீ ஆசையாக் கேட்டியேன்னு ஒடச்சேன்."

அதற்குள் எரியோட்டுப் பேருந்து வந்துவிட, பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டாள்.

இன்று கிணற்றைத் தூர்த்து வீட்டுமனை போட்டிருக்கிறார்கள். பாறைக்குவியல் ஜல்லியாகச் சாலைக்குப் போயிற்று. தவமணியும் போன தை மாதம் போய்ச் சேர்ந்தாள். "என்னை மன்னிச்சிரு" என்று அவளிடம் நான் கடைசிவரை சொல்லவே இல்லை.