ஊத்துக்கோட்டையில் இறங்கிப்போன டிரம்மர்

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத்துச் சனிக்கிழமை அது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நாங்கள் நாலு பேர் ஒரு ஹெவி மெட்டல் பேண்டு நடத்திக்கொண்டிருந்தோம். நடத்தினோம் என்பதைவிட, ஆள் பிடித்துக்கொண்டே இருந்தோம் என்று சொல்லலாம். ஒருத்தன் துபாய் போனான். இன்னொருத்தனை மாமனார் வீட்டில் முடி வெட்டச் சொன்னார்கள். முடியோடு எங்களையும் வெட்டிவிட்டான். போஸ்டரில் இருக்கும் முகம் ஒருநாளும் மேடையில் இருக்காது. புதிதாக ஒருத்தன் வந்தால் முதல் பாட்டிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்குச் சலித்துப் போயிருந்தது.

அன்று மாலை பெங்களூரில் ஒரு பெரிய இசை விழா. எங்களுக்கு அதுவரை கிடைக்காத மேடை. விடியற்காலையில் வேனில் கிளம்பினோம். ஊத்துக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தினால், டிரம்மர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மச்சான், கோச்சிக்காத. பொண்ணு ஊட்டுக்காரங்க இன்னிக்கே வராங்களாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டான்.

பழைய டிரம்மர் ஒருத்தன் கடம்பத்தூர் பக்கம் இருந்தான். அப்பா இறந்ததும் நிலத்தைப் பார்க்கணும் என்று டூர் நடுவிலேயே என்னோடு சண்டை போட்டு விலகியவன். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. "அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று கத்தினேன். ஆனாலும் வேன் அங்கேதான் போனது.

போன நேரம், அவன் வயலில் அறுப்பு மெஷின் இறங்கிக்கொண்டிருந்தது. வாசிக்க வரச்சொல்லிக் கேட்டதற்கு, என்னைப் பார்க்காமலே பேசினான். "வானம் மூட்டமா கீது. இன்னிக்கு உட்டா மெஷின் மறுபடி வராது." அதற்குமேல் என்ன கேட்பது? திரும்பினோம்.

வரப்பில் நின்ற அவன் மனைவி கூப்பிட்டார். எங்கள் பாட்டைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"நீ கெளம்புயா. மெஷினை நான் பாத்துக்கறேன். தெனம் சோத்துத் தட்டைத் தட்டிக்கினு கீறியே, அத்த அங்க போய்த் தட்டு."

சேற்றுக் காலோடு வேனில் ஏறினான். ராணிப்பேட்டை தாண்டியதும், எதை வாசிப்பது என்று ஒரே சண்டை. புதுப் பாட்டு ஒன்றும் அவனுக்குத் தெரியாது. மாதக்கணக்கில் பயிற்சி செய்ததையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டுப் பழைய பாட்டுகளையே வாசித்தோம். மேடையில் முதல் பாட்டையே பேசிவைத்ததைவிட வேகமாக ஆரம்பித்தான். முறைத்தேன், சிரித்தான். கூட்டம் குதித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இறங்கியதும் வீட்டுக்குப் போன் போட்டான். மத்தியானம் தூறல் விழுந்திருக்கிறது. ஒரு மூலை அறுக்காமலே நின்றுவிட்டது. பக்கத்து வயல்காரர்களைக் கூப்பிட்டு, அறுத்த நெல்லைத் தார்ப்பாய் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார் அந்த அம்மா. அதைச் சொல்லிவிட்டு, "நல்லா தட்னியா?" என்று மட்டும் கேட்டாராம்.

அவன் திரும்ப பேண்டில் சேரவில்லை. கெஞ்சியும் பார்த்தேன். "எனக்கு நெலம் கீது மச்சான், வேற ஆளப் பாரு" என்றுவிட்டான். பார்த்தேன். அந்த ஆளும் போன மாதம் விலகிவிட்டான், மறுபடி தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் உங்கள் பேண்டில் இதுவரை யார் யார் இருந்தார்கள் என்று யாராவது கேட்டால், ஒருமுறைகூட மேடை ஏறாத அந்த அம்மாவையும் சேர்த்தே எண்ணத் தோன்றுகிறது.