தொடுதிரையில் ஒரு சாமந்தி மாலை

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில், பதுளை பஜாரில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலைகளுக்குத் தொடுதிரைக் கணினி பொருத்துவது என் வேலை. நமுனுகுலப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் டிரையருக்கும் பொருத்தினேன். தேயிலை காயும்போது சூடு ஏறினால் அடுப்புக் காற்றை அதுவே குறைக்கும்.

அந்தக் கணினிக்குள் வாட்ச்டாக் என்றொரு காவல் உண்டு. நான் எழுதிய நிரல் அதற்கு அடிக்கடி சைகை கொடுக்க வேண்டும். சைகை நின்றால், நிரல் எங்கோ மாட்டிக்கொண்டது என்று முடிவுகட்டி, கணினியை அணைத்துத் திரும்பத் தொடங்கிவிடும். சோதித்துப் பார்த்தபோது, திரையிலிருந்து விரலை எடுக்கத் தாமதித்தாலே கணினி அணைந்தது. எரிச்சலில், விரல் விலகும்வரை காத்திருக்கும் இடத்திலும் சைகை கொடுக்கும்படி ஒரு வரி சேர்த்துவிட்டேன். அதோடு தொல்லை தீர்ந்தது. பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு வேறு.

ஆயுத பூசை வந்தது. டிரையரில் வேலைக்கு நின்றவர் என்னைவிட மூத்தவர். நானும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் என்பதால் தம்பி என்பார். எல்லா மெசினுக்கும் மாலை போட்டவர் என் கணினியை மட்டும் விடுவாரா? விசிறிக் காற்றில் பறக்காதபடி சாமந்தி மாலையைத் திரைக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டினார். பூசை முடிந்து டிரையர் ஓடியது. மாலையின் அழுத்தத்தை விரல் என்றெண்ணி நிரல் காத்தே நின்றது. என் வரியோ, எல்லாம் நலம் என்று காவலுக்குச் சைகை கொடுத்துக்கொண்டிருந்தது. திரையில் சூடு பழைய அளவிலேயே நின்றது. அடுப்புக் காற்று குறையாமல் உள்ளே தேயிலை கருகிப் போனது.

மறுநாள் நான் போவதற்குள், வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் தோட்டத்துத் துரை, மாலையால்தான் கருகியது என்று டிரையர்க்காரரை மலை வேலைக்கு மாற்றிவிட்டார். பெரட்டில் துரை சொன்னதைத் திருப்பும் வழக்கம் கிடையாது. மலை என்றால் மழையும் அட்டையும். அவருக்கோ நெஞ்சுச் சளி, டிரையர்ச் சூட்டில்தான் தாக்குப்பிடித்து வந்தார்.

தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் ஓடினேன்.

"மாலையால இல்லங்க ஐயா. காவல் கம்ப்யூட்டரை எழுப்பியிருக்கணும். நாந்தான் அதைத் தடுத்து வச்சிருக்கேன்."

திரையில் அந்த வரியையே காட்டினேன். அவர் சிரித்தார்.

"உம்மட ஆள் எண்டு பாக்கிறீர் தம்பி. இரக்கம் பாத்தால் ஃபெக்டரி நடத்தேலாது."

துரையும் அதே சிரிப்புத்தான் சிரித்தார். வரியை அழித்துவிட்டு லயத்துக்குப் போய் டிரையர்க்காரரிடமே சொன்னேன்.

"சாமி காரியத்துல நாந்தான் அவசரப்பட்டுட்டேன். நீங்க ஏன் தம்பி பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிறீங்க?" என்றார்.

சில மாதம் கழித்து அதே தோட்டத்துக்குப் போனேன். மழைக்கு ஒதுங்கிய கொட்டிலில் மலையாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பழைய டிரையர்க்காரர் மடியில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. இருமி முடித்துவிட்டு என்னைக் காட்டினார்.

"இவருதான். என் வேலைக்காகத் துரைக்கிட்டயே பொய் சொன்னவரு."

அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். வெட்கத்தில் கூசிப்போனேன்.