சைடு காரும் சாலையின் இடப்பக்கமும்

எனக்குத் திருமணமானது 1986 ஜனவரியில். மோட்டார் சைக்கிள் வாங்கியது பிப்ரவரியில். இந்த வரிசை மாறிவிடக் கூடாது என்பதில் என் மனைவி கண்டிப்பாக இருப்பாள். “வண்டிய வாங்கிட்டு அதுக்குப் பின்னால உக்கார ஆள் தேடலை. ஆள் வந்த பிறகுதான் வண்டி வந்துச்சு” என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வாள்.

இருநூற்றைம்பது சிசி வண்டி. இரண்டு பக்கமும் புகைக்குழாய். ஹேண்டில் பாரை உயர்த்தி, மண் பாதைக்கு ஏற்ற முரட்டு டயர் போட்டு, பின்னால் இரண்டு தகரப் பெட்டிகள் செய்து மாட்டியிருந்தேன். தனுஷ்கோடி மணலிலும் கொடைக்கானல் மழையிலும் ஓடிய வண்டி அது. காரைக்குடி அஞ்சலகத்தில் என்னோடு எழுத்தர்களாக இருந்தவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், “நாளைக்கு எந்த நாட்டு மேல படையெடுப்பு?” என்று கேட்பார்கள்.

அஞ்சலகத்தில் காலையில் நான் செய்யும் முதல் வேலை முத்திரையில் தேதி மாற்றுவது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு பயணத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குவேன். தேதி, புறப்பட்ட நேரம், போன வழி, வந்த வழி, மீட்டர் காட்டிய கிலோமீட்டர், உடன் வந்தவர், பார்த்தவை. ‘உடன் வந்தவர்’ என்ற இடத்தில் ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் ‘மனைவி’ என்றுதான் இருக்கும், 1993 நவம்பர் வரைக்கும்.

அந்த நவம்பரில், அவள் ஆசிரியையாக இருந்த பள்ளியின் தாழ்வாரத்தில், சாரல் அடித்து ஈரமாகக் கிடந்த தரையில் வழுக்கி விழுந்தாள். வலது முழங்கால் சில்லு உடைந்தது. மாவுக்கட்டு பிரித்த பிறகு வலி போய்விட்டது. ஆனால் கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. ஒருமுறை பின்னால் ஏற்றிப் பார்த்தேன். சேலை கட்டியவர்கள் உட்காருவதுபோல இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். மடங்காத கால் துடுப்புபோல வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. தெருமுனையில் ஓர் ஆடு அதைக் கண்டு மிரண்டு ஓடியது. இருவரும் சிரித்தோம். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். 1994ஆம் ஆண்டுக்கு என் நோட்டில் ஆறே பக்கங்கள். ஆறிலும் ‘தனியாக’ என்றிருக்கிறது.

1995 வைகாசியில் கண்டனூரில் ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. நான் முன்பு அந்த ஊர் அஞ்சலகத்தில் வேலை பார்த்தபோது, பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டுக்கு வரும் கடிதங்களைச் சென்னை விலாசத்துக்குத் திருப்பி அனுப்புவேன். அந்த வீட்டு ஆச்சி அதை மறக்கவில்லை. கல்யாணம், திருவிழா என்றால் மட்டும் திறக்கும் வீடு அது. உள்ளே போனால் முதல் கட்டு முற்றத்தின் ஓரத்தில், வெள்ளைத் துணியை எடுத்துவிட்டு, பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு ஓர் ஆள் உட்காரும் சைடு கார் வைத்த பழைய புல்லட் ஒன்றை இரண்டு பேர் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கருநீல நிறம். சைடு காருக்கு இடப்பக்கம் சின்னக் கதவு. மூக்கு நீளமாகத் தோணிபோல முன்னால் போயிருந்தது. அந்த நீளத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு கால் மடங்காமலே அதற்குள் போய்விடும்.

ஆச்சியின் மகன் வெளியே என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். முப்பது வயது, சென்னையில் வேலை, இமயமலை வரைக்கும் போக வேண்டும் என்று ஆசை. “அண்ணே, மாத்திக்கிருவோமா?” என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆச்சி வந்தார். “மாத்திக்கங்க, எனக்கொண்ணும் இல்லை. ஆனா அந்த வண்டி எங்க மாமனார் வாங்குனது. இந்த வீட்டுல எந்தப் பங்காளி வீட்டுக் கல்யாணம்னாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான். யாருகிட்ட வண்டி இருக்கோ அவுக கொண்டாந்து ஓட்டணும். அதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க.”

“நான் மாதா கோயிலுக்குப் போறவன் ஆச்சி.”

“மாப்பிள்ளைய இறக்கிவிட்டுட்டு எந்தக் கோயிலுக்கு வேணும்னாலும் போங்க. வண்டி நேராப் போனாச் சரி. தபாலாபீஸ்காரவுக, சொன்ன தேதிக்கு வந்திருவீக.”

“தபாலும் சில நேரம் தாமதமாகும்.”

“ஆகட்டும். பொண்ணு வீட்டுக்காரவுக காத்துக்கிட்டு இருப்பாக.”

அடுத்து ஆவணியில் இன்னொரு பங்காளி வீட்டுக் கல்யாணம். வீடு மறுபடி திறக்கும். அன்றைக்கு முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் இருந்தது. அளப்பது எனக்குப் பிடித்த வேலை. எங்கள் சந்தின் அகலம், வீட்டு வாசல் கேட்டின் அகலம், வண்டி திரும்ப வேண்டிய முனை எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்தேன். கேட்டில் இருபக்கமும் நான்கு விரல் மிஞ்சியது. மெக்கானிக்கைக் கூட்டிப்போய், வீட்டுக் காவல்காரரிடம் சொல்லித் திறக்க வைத்து, வண்டியைக் காட்டினேன். அவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“இஞ்சின் நல்லா இருக்கு சார். ஓட்டுறதுதான் வேற மாதிரி. ஆக்ஸிலேட்டர் கொடுத்தா இடப்பக்கம் இழுக்கும். பிரேக் பிடிச்சா வலப்பக்கம் தள்ளும். அது பழகிரும். இன்னொண்ணு இருக்கு. காலி சைடு காரோட இடப்பக்கம் வேகமாத் திருப்புனீகன்னா அந்தச் சக்கரம் தூக்கிரும். தனியாப் போனீகன்னா ஒரு மூட்டை அரிசிய ஏத்திக்கிட்டுப் போங்க.”

அவர் கடைசியாகச் சொன்னதுதான் என்னைத் தடுமாற வைத்தது. மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும். அந்தச் சாய்வுக்காகவே கொடைக்கானல் மலைப்பாதைக்கு நான் திரும்பத் திரும்பப் போயிருக்கிறேன். சைடு கார் வண்டி சாயாது. ஹேண்டிலை மல்லுக்கட்டித் திருப்ப வேண்டும். தனியாகக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்து, இடப்பக்கம் இழப்பு, வலப்பக்கம் லாபம் என்று எழுதினேன். இழப்பு பதினொன்று. லாபம் ஒன்று.

அந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் சாப்பாட்டின்போது அவளிடம் சொன்னேன். உனக்காக மாற்றிவிடலாம் என்றேன்.

ரசத்தை ஊற்றிவிட்டுத்தான் பதில் சொன்னாள். “எனக்காகன்னா வேண்டாம். இப்ப மாத்திப்பிட்டு, அப்புறம் ஒவ்வொரு வளைவுலயும் என்னையத் திரும்பிப் பாத்துப் பெருமூச்சு விடுவீக. அதைக் கேட்டுக்கிட்டு நான் உக்காந்திருக்க மாட்டேன். அரிசி மூட்டைய வச்சுக்கங்க, அது கோவிச்சுக்கிராது.”

“போக ஆசை இல்லையா உனக்கு?”

“ஆசை இருக்கு. பாரமா இருக்க ஆசை இல்லை.”

அதற்குப் பிறகு சில வாரங்கள் அந்தப் பேச்சே எழவில்லை. ஆடி மாதம் பாதி போயிருந்தது. ஒரு சாயங்காலம் அவளுக்குப் பழைய பயணங்களை நினைவூட்டினால் மனம் மாறுவாள் என்று கணக்குப் போட்டு, நோட்டை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். 1990 பிப்ரவரி, திருக்கோஷ்டியூர்ப் பயணம். கோயில் மாடத்தில் ஏறி ஊரைப் பார்த்தது. பிறகு இந்த வரி: ‘திருக்கோஷ்டியூருக்கு முன்பாக, கண்மாய்க்கரை மரத்தடியில் அய்யனாரின் வெள்ளைக் குதிரைகள் இரண்டைப் பார்த்தோம்.’

“நீங்க பாத்தீக” என்றாள்.

“பார்த்தோம்னு எழுதியிருக்கேனே.”

“எழுதியிருக்கீக. குதிரை எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம்.”

“நான் எந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தேன்?”

இடப்பக்கம்தான்.

“வரும்போது பார்த்திருப்பியே” என்றேன்.

“வரும்போது எந்த வழியா வந்தோம்? அதையும் எழுதியிருப்பீகளே.”

எழுதியிருந்தேன். சிவகங்கை, காளையார்கோவில், தேவகோட்டை வழி. போன சாலையில் திரும்பி வருவது வீண் என்பது என் கொள்கை. போகும்போது வலப்பக்கம் இருந்தது வரும்போது இடப்பக்கம் வரும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. நல்ல பயணத்துக்கு இலக்கணம் வட்டமாகப் போய் வருவது என்று அஞ்சலகத்தில் பலருக்கும் பாடம் எடுத்திருக்கிறேன்.

“எட்டு வருஷமா நான் ரோட்டுக்கு இடப்பக்கம் மட்டுந்தான் பாத்திருக்கேன்” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, வகுப்பில் வாய்ப்பாடு சொல்வதுபோலச் சொன்னாள்.

“ஏழே முக்கால் வருஷம்” என்றேன்.

“சரி, முக்கால். முன்னால பாத்தா உங்க சட்டை. வலப்பக்கம் திரும்பினா கழுத்து சுளுக்கும். நீங்க வீட்டுக்கு வந்து நோட்டு எழுதையில ‘குதிரை எப்படி இருந்துச்சு’ன்னு கேப்பீக. நல்லா இருந்துச்சுன்னு சொல்லியிருப்பேன்.”

“ஏன் அப்படிச் சொன்னே?”

“அவ்வளவு சந்தோஷமாக் கேட்டா என்ன சொல்றது?”

பிறகு அவள் சொன்னவைதான் எனக்குப் பெரிய அதிசயம். அந்தக் குதிரை இருந்த இடத்துக்கு நேர் எதிரே ஒரு கிணற்று மேட்டில் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார்களாம். கொடைக்கானல் ஏறும்போது பெரும்பாலும் அவள் பார்த்தது மலைச்சுவரும் அதில் வழிந்த தண்ணீரும்தான். நான் பக்கம் பக்கமாக எழுதிய பள்ளத்தாக்கு முழுவதும் என் பக்கத்தில் இருந்திருக்கிறது. என் நோட்டில் அவள் பார்த்தது ஒன்றுகூட இல்லை. அவள் பார்க்காதது எல்லாம் ‘பார்த்தோம்’ என்று இருந்தது. தேதி மாற்றாமல் நாள் முழுக்க முத்திரை குத்தியவனைப்போல உட்கார்ந்திருந்தேன்.

அன்று கடைசிப் பக்கத்தைத் திறந்து, லாபம் என்ற பக்கத்தில் இருந்த ‘மனைவி வரலாம்’ என்பதை அடித்துவிட்டு, ‘முன்னால் பார்க்கலாம்’ என்று எழுதினேன். அவளிடம் காட்டினேன். அது யாருக்கு என்று கேட்டாள். உனக்கும், எனக்கும் என்றேன். நீ பார்த்துச் சொன்னால்தான் நோட்டு முழுசாகும் என்றும் சொன்னேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. “ஒருக்க உக்காந்து பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள்.

ஆவணிக் கல்யாணத்துக்கு முந்தைய நாள் இருவரும் பஸ்ஸில் கண்டனூர் போனோம். பஸ் படி அவளுக்குத் தகராறு. பின்னால் நின்றவர் முனகினார். ஆச்சி வண்டியைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்த வைத்திருந்தார். என் மனைவி சின்னக் கதவைத் திறந்து, பக்கவாட்டில் உட்கார்ந்து, இடது காலை முதலில் வைத்து, மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே நீட்டினாள். கால் முழுவதும் போய், அதற்கப்பாலும் இடம் இருந்தது.

“வசதியா இருக்கா?” என்று ஆச்சி கேட்டார்.

“மாப்பிள்ளை மாதிரி இருக்கு ஆச்சி.”

கிளப்பினேன். வண்டி இடப்பக்கம் இழுத்தது. முதல் திருப்பத்தில் மோட்டார் சைக்கிள் நினைப்பில் உடம்பைச் சாய்த்தேன். நான் மட்டும் சாய்ந்தேன், வண்டி நேராகப் போய்ப் பந்தலுக்குக் கொட்டியிருந்த மணலில் ஏறி நின்றது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பின்னுக்குத் தள்ளிக்கொண்டு மறுபடி கிளம்பினேன். பெரிய வீடுகளின் நீண்ட மதில்களுக்கு நடுவே தெரு நேராகப் போனது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“பால்காரர் வாராரு. ஒதுங்குங்க. அங்குட்டு ஒரு அம்மா குடத்தோட வருது. கொடி கட்டியிருக்காக. நாய் ஒண்ணு குறுக்க வரப்போவுது… வந்திருச்சு!”

இரண்டாவது தெருவுக்குள் திரும்பினோம். பிறகு இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னாள்: “எல்லாம் வருதுங்க. முன்னெல்லாம் எல்லாம் போகும்.”

வீட்டு வாசலில் இறங்கியதும் அவளே ஆச்சியிடம் சம்மதம் என்றாள். என்னிடம் கேட்கவில்லை. “பெருமூச்சு விடாம ஓட்டிக்கிட்டு வந்தாரு. கவனிச்சேன்” என்றாள்.

அன்று சாயங்காலமே என் கடமை தொடங்கியது. சைடு காரில் பட்டு வேட்டியும் மாலையுமாக மாப்பிள்ளை. முன்னால் நாதஸ்வரம், மேளம். நடை வேகத்தில் கிளச்சைப் பிடித்துப் பிடித்து விட்டதில் கை மரத்துப்போயிற்று. மாப்பிள்ளை குனிந்து, “அண்ணே, மணல்ல ஏத்திராதீக” என்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாற்றம் முடிந்த அன்று என் பழைய வண்டியின் மீட்டரைக் கடைசியாகக் குறித்துக்கொண்டேன். ஆச்சியின் மகன் அதில் ஏறிக் கிளம்பினார். இரட்டைக் குழாயின் சத்தம் தெரு திரும்பும்வரை கேட்டது. வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போகும்போது கேட்டில் நான்கு விரல் இடைவெளியில் வண்டியை உரசாமல் ஏற்றியதும், அந்த வருத்தத்தை விடப் பெருமைதான் அதிகமாக இருந்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் திருக்கோஷ்டியூருக்குக் கிளம்பினோம். அதே சாலை. மழைக்கு முந்தைய கண்மாய், பாதித் தண்ணீர். மரம் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தேன். அவள் என் முழங்காலைத் தட்டினாள்.

“வருது, வருது. வெள்ளைக் குதிரை. ரெண்டு… இல்லை, மூணு. பின்னால ஒண்ணு சின்னது நிக்குது. அதுக்கு ஒரு காது இல்லை.”

நான் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1990லும் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்ததும் அவள் குரல் மாறியது. “நிப்பாட்டுங்க, உங்க முழங்கால் மறைக்குது.”

நிறுத்தினேன். கதவைத் திறந்து, கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சாலையைக் கடந்து போய்ப் பார்த்தோம். மூன்றுதான்.

வந்த சாலையிலேயே திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்டை எடுத்து, ‘இரண்டைப் பார்த்தோம்’ என்பதில் ‘பார்த்தோம்’ என்பதை ‘பார்த்தேன்’ என்று மாற்றினேன். அதன் கீழே ‘மூன்றைப் பார்த்தோம்’ என்று எழுத அவளிடம் பேனாவைக் கொடுத்தேன். எழுதினாள், ‘ஒன்றுக்கு ஒரு காது இல்லை’ என்றும் சேர்த்தாள். நான் பக்கத்தில் திருத்தம் செய்த அன்றைய தேதியைப் போட்டேன்.