பங்கு போட்ட மாத்திரை

மணிமொழிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கிரிவலப் பாதையில் அவள் ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே சாமியார்கள் பீடியை அணைத்துவிடுவார்கள். கீழ்பென்னாத்தூர்க்காரி. வீடும் உறவும் இல்லாதவர்களைத் தேடிப்போய்க் காசநோய் மாத்திரை கொடுப்பது ஒன்பது வருடமாக அவள் வேலை.

அந்தப் பாதையோர மரத்தடியில் இருக்கும் பலராமன் சாமிக்கு இரண்டு மாதமாக மருந்து. அட்டைகள் ஒழுங்காகக் காலியாகின. இருமல் மட்டும் குறையவே இல்லை. ஆறு மாதம் தவறாமல் சாப்பிட்டால் பிழைப்பார். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் நோய் மருந்துக்கு அடங்காமல் ஆளையே கொண்டுபோய்விடும். எங்கே தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை.

ஒரு காலையில் பக்கத்து மரத்தடி முருகவேல் சாமி கூச்சத்தோடு வந்தார்.

"சிஸ்டர், ரெண்டு மாசமா அப்பப்ப ஒண்ணுக்கு செவப்பா போவுது. பயமா இருக்குது."

காசநோய் மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும். ஆனால் முருகவேலுக்கு அவள் ஒரு மாத்திரைகூடக் கொடுத்ததில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு நேராகப் பலராமன் முன்னால் போய் நின்றாள்.

"மாத்திரைய யாருக்குக் குடுத்தீங்க?"

"இவனுக்கும் சுப்பிரமணிக்கும். மூணு பேருக்கும் ஒரே இருமல். ஒரு பொட்டலம் சோறு கெடைச்சாலும் மூணா பிரிச்சுதான் சாப்புடுவோம். மருந்த மட்டும் எப்படிம்மா நான் ஒருத்தனே முழுங்குறது?"

கத்த வாயெடுத்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவரைவிடத் தன்மேல்தான் கோபம். பலராமனுக்கு நோய் என்று தெரிந்த அன்றே அந்த இருவரையும் சோதனைக்குக் கூப்பிட்டிருந்தாள். "எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றார்கள், விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

உடனே மூவரையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மற்ற இருவருக்கும் காசநோய் உறுதியானது. நல்லவேளை, பலராமனின் நோய் இன்னும் மருந்துக்கு அடங்கும் நிலையில்தான் இருந்தது.

"இனிமே ஆளுக்கு ஒரு அட்டை. தெனம் காலைல வருவேன். என் கண்ணு முன்னாடிதான் முழுங்கணும்."

"பௌர்ணமிக்கு ரோட்ட மூடிடுவாங்களே சிஸ்டர்?" என்றார் முருகவேல்.

"நடந்து வருவேன்."

அந்தப் பௌர்ணமியன்று ஊருக்கு வெளியே வேங்கிக்காலிலேயே போலீஸார் வண்டியை நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் இடிபட்டு அவள் போய்ச் சேரும்போது மணி பத்தரை. மூவரும் தண்ணீர் டம்ளரோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முருகவேலும் சுப்பிரமணியும் விழுங்கினார்கள். பலராமன் மாத்திரையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"என்ன சாமி, மறுபடியுமா?"

"இல்லம்மா. அவங்க முழுங்கிட்டாங்களானு பாத்தேன்."

பிறகு தன்னுடையதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, அவளிடம் வாயைத் திறந்து காட்டினார்.