கடைசியா எப்ப வந்துச்சுங்க?

மகளிர் கிளினிக்கில் நர்ஸ் வேலை என்றால் ஊசி போடுவதும் பிரஷர் பார்ப்பதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நாளெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிற வேலை. "கடைசியா எப்ப வந்துச்சுங்க?" திருச்சி உறையூரில் டாக்டரம்மா நடத்தும் சின்ன கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சின்ன வயசுப் பெண்கள் தேதியைப் பட்டென்று சொல்லிவிடுவார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் முதலில் மின்விசிறியைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், கடைசியில் கோபப்படுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. தீட்டு ஒரு மாசம் இரண்டு தடவை வரும், அப்புறம் மூன்று மாசம் ஆளையே காணோம்; நடுவில் வியர்வை, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை. இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு நான் சொல்வது புரியும். மீதிப் பாதி, அந்தப் பாதியோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள். உங்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும்.

டாக்டரம்மா ஸ்கேன், மார்பகப் பரிசோதனை, பிரஷர் எல்லாம் பார்த்து, ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்தால் மட்டும் ஹார்மோன் மாத்திரை எழுதுவார். எழுதுவது அவர். என்றைக்கு ஆரம்பிப்பது, எப்படிப் போடுவது என்று விளக்குவது நான். வம்பு அங்கேதான்.

அறுப்பு மெஷின்

லால்குடிப் பக்கமிருந்து வந்த ராசாத்தி அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயசு, மூன்று ஏக்கர் நெல் வயல். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "நாத்துப் பறிக்கிறப்ப ஒரு தடவை வந்துச்சுங்க. அப்புறம் காணும். அறுப்பு மெஷின் வயல்ல இறங்கின அன்னைக்கு வந்துச்சு பாருங்க, வரப்புல நடக்க முடியல" என்றார். என் ஃபைலில் தேதி, மாதம், வருஷம் என்று மூன்று கட்டம்தான் உண்டு. நாற்றுக்கும் அறுப்புக்கும் கட்டம் கிடையாது. "தேதியா சொல்லுங்கக்கா" என்றேன்.

அக்கா உடனே போனை எடுத்து மெஷின்காரரைக் கூப்பிட்டார். "தம்பி, நம்ம வயலுக்கு மெஷின் வந்தது என்னைக்கு? இல்லப்பா, இங்க டாக்டரம்மாவுக்குத் தெரியணுமாம். ஆமா, அவசரம்தான்." வரிசையில் உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். பதினேழாம் தேதி என்று பதில் வந்தது, எழுதிக்கொண்டேன். அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமலே என் பக்கம் திரும்பினார்: "அவரு கேக்குறாரு, டாக்டரம்மாவுக்கு எத்தனை ஏக்கரு அறுக்கணுமாம்?"

கணக்கு டீச்சர்

இது முழுக்க என் தப்பு. மாதாமாதம் ஒழுங்காக வருகிறவர்களிடம், வந்த முதல் நாளே மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்வோம். தாறுமாறாக வருகிறவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கர்ப்பம் இல்லை என்று ஒரு டெஸ்ட் பார்த்துவிட்டு, என்றைக்கு வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். வையம்பட்டியிலிருந்து வந்த செல்வி டீச்சர் இரண்டாவது ரகம். அன்றைக்குக் கிளினிக்கில் நல்ல கூட்டம். வாய் பழக்கத்தில், "வந்ததும் அன்னைக்கே முதல் மாத்திரையைப் போட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மூன்று மாசம் கழித்து வந்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம், கழுத்தில் ஈரக் கைக்குட்டை. பத்தாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்து அழுதிருக்கிறார். இப்படி இரண்டு தடவை. வேலையை விட்டுவிடலாம் என்று கடிதமே எழுதிக் கைப்பையில் வைத்திருந்தார். "மாத்திரை கேக்கலையா டீச்சர்?" என்றேன். பையிலிருந்து பிரிக்காத அட்டையை எடுத்துக் காட்டினார். சாமி அலமாரியில் வைத்திருந்ததால் மேலே குங்குமம் ஒட்டியிருந்தது. நேராக டாக்டரம்மாவிடம் போய் நான் சொன்ன தப்பைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. அன்றைக்கே டெஸ்ட் பார்த்து, அன்றைக்கே மாத்திரையை ஆரம்பித்தோம்.

இரண்டு மாசத்துக்குப் பிறகு டீச்சர் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. ராத்திரி தூங்குகிறாராம், கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டாராம். நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். கோபமே இல்லாமல், போர்டில் கணக்குப் போடுகிற குரலில் சொன்னார்: "வரலைன்னுதானே உங்ககிட்ட வந்தேன்? அது வந்தப்புறம் போடுன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் சிஸ்டர் உங்களுக்கு ஸ்டெப் தப்பு."

மாமியின் பஞ்சாங்கம்

ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிற அலமேலு மாமிக்கு ஐம்பது வயசு. அவருக்கு எழுதியது இரண்டு மாத்திரை. முதலாவது தினமும், இரண்டாவது மாத்திரை மாசத்துக்குப் பதினாலு நாள் மட்டும். அந்தப் பதினாலு நாள் முடிந்த கையோடு பெரும்பாலும் தீட்டு வரும். "ஒண்ணாந்தேதி ஆரம்பிச்சுப் பதினாலாந்தேதி நிறுத்திடுங்க மாமி, ஞாபகம் வச்சுக்க சுலபம்" என்றேன். மாமி பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். "அப்போ பதினஞ்சு, பதினாறுல வந்துடும். மார்கழி பொறக்கறப்போ பெருமாளைச் சேவிக்க வேண்டாமா?" சரி, ஐந்தாம் தேதி ஆரம்பிக்கலாமா? அதில் தேர் இடித்தது. பத்தாம் தேதி? தாயார் உத்ஸவம். ஸ்ரீரங்கத்தில் உத்ஸவம் இல்லாத நாலு நாளைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டரம்மாவே எழுந்து வந்தார். எந்தத் தேதியானாலும் சரி, மாசாமாசம் அதே தேதியில் ஆரம்பிக்க வேண்டும். முதல் சில மாசம் முன்னே பின்னே வரத்தான் செய்யும் என்றார். மாமி இருபதாம் தேதியை வட்டமிட்டார். அதிலும் இரண்டு ஏகாதசி இடித்தது, ஆனால் பெரியது எதுவும் இல்லை. பஞ்சாங்கத்தை மூடும்போது அவர் முகத்தில் ஒரு குறும்பு: "முப்பத்தஞ்சு வருஷமா உத்ஸவத்தன்னிக்கா பார்த்துப் பார்த்து அது வரும், இப்பத்தான் முதல் தடவையா அதுக்கு நான் நாள் குறிச்சுக் குடுக்கறேன்."

ஓரகத்தி

உப்பிலியபுரத்துச் சரசுவுக்கும் அதே இரண்டு மாத்திரைதான். ஒரு வருஷம் கழித்து, கண்ட கண்ட நாளில் ரத்தம் படுகிறது என்று வந்தார். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் சவ்வு தடித்திருந்தது. டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. "ரெண்டாவது மாத்திரையை ஒழுங்காப் போட்டீங்களா?" சரசு தலையைக் குனிந்துகொண்டார். அதைப் போட்டால்தான் தீட்டு வருகிறது, போடாவிட்டால் நிம்மதி என்று எட்டு மாசமாக அதைத் தொடவேயில்லை. கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு முதல் மாத்திரையை மட்டும் போட்டால் சவ்வு தடித்துக்கொண்டே போகும், அது புற்றில் கொண்டுபோய் விடலாம், அந்தக் காவலுக்குத்தான் இரண்டாவது மாத்திரை என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். நான் சொன்ன புற்றைவிட அவருக்குத் தீட்டுதான் பெரிய தொல்லையாகப் பட்டிருக்கிறது, வேறென்ன.

சதையைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ரிசல்ட் வருகிற வரைக்கும் சரசு தினமும் போன் செய்தார்; எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது. நல்லவேளை, கெட்டது எதுவும் இல்லை. டாக்டரம்மா மாத்திரையை மாற்றி எழுதிவிட்டு, "அந்த எட்டு மாச மாத்திரையையும் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். ஓரகத்திக்குத் தூக்கம் வருவதில்லையாம்; இந்த மாத்திரை போட்டால் கொஞ்சம் அசத்துமே என்று அவளுக்குக் கொடுத்துவிட்டாராம்.

அடுத்த தடவை ஓரகத்தியையும் கையோடு கூட்டிவரச் சொல்லியிருந்தோம். வந்த அந்த அம்மாள் உட்காருவதற்கு முன்னாலேயே என்னிடம் புகார் சொன்னார்: "என் பேர்லயே ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சிஸ்டர், இவ இப்பல்லாம் எல்லாத்தையும் அவளே போட்டுக்குறா."

என் முறை

போன வருஷம் எனக்கு நாற்பத்தொன்பது. ஊசி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜைத் திறந்து, மருந்து தேடுகிற சாக்கில் இரண்டு நிமிஷம் முகத்தை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்பேன். பிரஷர் பார்க்கும்போது எனக்கு வியர்த்து வழிவதைப் பார்த்து, வந்தவர்கள் எனக்கு விசிறிவிட ஆரம்பித்தார்கள். ஒருநாள் டாக்டரம்மா என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, ஃபைலைத் திறந்து, அந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆடிக்கு முன்னாலா, பின்னாலா? ஊரில் இருக்கிற அத்தனை பேர் தேதியையும் எழுதி வைத்தவள், என்னுடையதை எங்கேயும் எழுதவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தச் சின்ன விஷயத்துக்கு அழுகிறோமே என்று இன்னும் கொஞ்சம் அழுதேன்.

ரிசப்ஷனில் இருக்கிற ஃபாத்திமா எனக்குப் பன்னிரண்டு வருஷத் தோழி. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், தன் மேஜை டைரியைக் கொண்டுவந்து டாக்டரம்மா முன்னால் விரித்தாள். நாலைந்து தேதிகளில் சிவப்பு மையில் பெருக்கல் குறி. அவள் சொன்னதை வைத்துத்தான் என் ஃபைலில் தேதி விழுந்தது, மாத்திரையும் ஆரம்பித்தது, இப்போது நன்றாகவும் இருக்கிறேன்: "சிஸ்டர் காரணமே இல்லாம என்கிட்ட எரிஞ்சு விழுற அன்னைக்கெல்லாம் குறிச்சு வச்சிருக்கேன் டாக்டர், அதுலேர்ந்து மூணாம் நாள் எண்ணிக்குங்க, தப்பவே தப்பாது."

இத்தனை வருஷம் இந்த மேஜையில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது, நம் வயசில் உடம்புக்குத் தேதி தெரியாது, மாத்திரைக்குத் தேதியைத் தவிர வேறொன்றும் தெரியாது, இரண்டுக்கும் நடுவில் பேனாவோடு மாட்டிக்கொண்டு முழிப்பவளைத்தான் சிஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும்தான்.